நாளைக்கு எத்தனை பேர்?

ஜூன் 3, செவ்வாய்

கரண்ட்டுக்கும் ராகு காலம் வந்தாச்சு.

இன்னிக்கு அறக்கட்டளை ஆபீஸ்ல மீட்டிங். செயலாளர் வெள்ளியங்கிரி ஐயா பேசினார், பேசினார், டீ ஆறிப்போற வரைக்கும் பேசினார். மின்சாரச் சந்தையையே நாடு முழுக்க மாத்தப் போறாங்களாம். இனிமே யூனிட்டுக்கு ஒரே விலை கிடையாது. மணிக்கு ஒரு விலை. வெயில் காயற நேரம் மலிவு, பொழுது எறங்கினா யானை விலை. அதோட விட்டாங்களா? நாளைக்கு எந்தெந்த மணிக்கு எவ்வளவு கரண்ட் எடுப்பீங்கன்னு இன்னிக்குக் காலைல பத்து மணிக்குள்ள செல்போன்ல பதிஞ்சிடணுமாம். பதிஞ்சதைவிட ஜாஸ்தி எடுத்தாலும் அபராதம், கம்மியா எடுத்தாலும் அபராதம். முதல்ல நாலஞ்சு மாவட்டத்துல சோதனை. அதுல நம்முளுதும் ஒண்ணு.

மில்லுக்காரர் சொல்லிடுவார். ஐஸ் கம்பெனிக்காரர் சொல்லிடுவார். நான் அறக்கட்டளையோட மின் மயானத்துக்கு மேனேஜர். நாளைக்கு எத்தனை பேர் சாவாங்கன்னு நான் எந்த ஜோசியரைக் கேக்கறது?

வாய்விட்டே கேட்டுட்டேன். ஐயா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "எப்படியாச்சும் பண்ணு கோகிலவாணி. அபராதம் கட்டிக் கட்டி நடத்தற அளவுக்கு நம்மகிட்ட ஒண்ணும் இல்லை. கட்டுப்படியாகலைன்னா அடுப்பை இழுத்துப் பூட்டறதுதான் வழி"ன்னார்.

வீட்டுக்கு வந்து இவர்கிட்டச் சொன்னா சிரிக்கிறார். காத்துல கரண்ட் எடுக்கற காத்தாடி கம்பெனில கோபுரம் ஏறி எறங்கியே தலை நரைச்ச மனுஷன். கரண்ட்டைப் பத்தி ஒரு வார்த்தை கொறை சொல்ல விடமாட்டார். மாசி மாசம் டாக்டர் ஈரல்ல கட்டின்னு சொன்னதிலிருந்து கட்டில்லதான் கெடக்கறார், ஆனா வாய்க்கு ஒண்ணும் ஆகலை.

"சரியாத்தான் பண்றாங்க வாணி. கரண்ட்டை மூட்டை கட்டிக் குடோன்ல அடுக்க முடியுமா? பந்திக்கு எத்தனை பேர்னு தெரிஞ்சாத்தானே சமையல்காரன் உலை வெப்பான். எல்லாரும் சொல்லாமக் கொள்ளாம எலை போட்டு உக்காந்தா, அவங்களுக்காக எங்கியோ ஒரு நிலக்கரி அடுப்பு சும்மாவே எரிஞ்சுட்டுக் கெடக்கணும்."

"பந்திக்குப் பத்திரிகை அடிக்கறாங்க. சாவுக்கு எவன் அடிக்கறான்?"

தோத்துட்டேன்னு கையைத் தூக்கினார். எனக்கு ஒரே சந்தோசம். ராத்திரிக்கு ரவைக் கஞ்சி வெச்சேன். ரெண்டு கரண்டி குடிச்சார்.

ஜூன் 6, வெள்ளி

நாசமாப் போச்சு. நேத்துக்கு ரெண்டு பேர்னு பதிஞ்சேன், ஒருத்தரும் வரலை. அடுப்பு பாக்கிற ஆறுச்சாமி அண்ணன் வாசல்ல உக்காந்து ரோட்டையே பாத்துட்டு இருந்தார். "ஏனுங் மேடம், ஊர்ல எல்லாரும் நல்லா இருக்காங்களாட்ட இருக்குது"ன்னு வருத்தமாச் சொன்னார். சொன்னதுக்கப்புறம் நாக்கைக் கடிச்சுக்கிட்டார். இன்னிக்கு யாரும் இல்லைன்னு பதிஞ்சா, நாலு பேர். அதுல ரெண்டு சாயங்காலம். சொந்தக்காரங்க திருப்பூர்லயும் ஓசூர்லயும் இருந்து வந்து சேர்றதுக்கே பொழுது சாஞ்சுடுது, அவங்களைச் சொல்லி என்ன பண்றது?

இவர் கையை நீட்டினார். "அந்தப் போனை இங்க குடு. நான் பாத்துக்கறேன்."

"படுத்துட்டு இருக்கற மனுஷனுக்கு எதுக்கு இந்தப் பாடு?"

"படுத்துட்டு இருக்கறதுக்குத்தான்."

குடுத்துட்டேன்.

ஜூன் 12, வியாழன்

கோயமுத்தூர்ல கருத்துக் கேட்புக் கூட்டம். புது விலை முறை பத்தி யார் வேணும்னாலும் பேசலாம்னு பேப்பர்ல போட்டிருந்தாங்க. இவர்தான் போ போன்னு தள்ளி விட்டார். பஸ்ல ஒக்கார எடமில்லை, பல்லடம் வரைக்கும் நின்னுட்டே போனேன்.

பெரிய மண்டபம். மேடையில மூணு அதிகாரிங்க. கீழ மில்லுக்காரங்க, கோழிப் பண்ணைக்காரங்க, சுத்தியும் ஃபைலைத் தூக்கிட்டு வக்கீலுங்க. ஒருத்தர் எழுந்து, காத்தாடி எல்லாம் நம்ம தலைக்கு மேல சுத்துது, அந்தக் கரண்ட்டை நாம எதுக்கு வடக்கத்திச் சந்தையில போய் விலை கேட்டு வாங்கணும்னு சத்தம் போட்டார். எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். அப்புறம் என் டோக்கனைக் கூப்பிட்டாங்க.

மைக் முன்னாடி நின்னு, மின் மயானத்திலிருந்து வர்றேன், எங்களுக்கு முன்கூட்டிச் சொல்ற விதியிலிருந்து விலக்கு வேணும்ங்கன்னேன். நடுவுல இருந்த அதிகாரி தன்மையானவர், அதைச் சொல்லணும். "பழைய கணக்கை வெச்சு ஒரு நாளைக்குச் சராசரி எடுத்துப் பதியுங்கம்மா"ன்னார்.

"எடுத்தேனுங்க. சராசரியா ரெண்டேகால் பேர். அந்தக் கால் ஆளை எப்படிங்க எரிக்கறது?"

மண்டபமே சிரிச்சுது. நான் சிரிக்க வைக்கறதுக்குச் சொல்லலை. எனக்கு மூஞ்சி எரிஞ்சுது. அதிகாரி சிரிக்கலை. குனிஞ்சு எழுதிக்கிட்டார். "பதிவு பண்ணிக்கிட்டோம்மா. ஆனா ஒருத்தருக்கு விலக்குக் குடுத்தா, அந்தத் தப்பின கணக்கை இன்னொருத்தர் தலையிலதான் வெக்கணும்"ன்னார். இவர் சொல்ற அதே நியாயம். நியாயமா இருந்தாலும் வலிக்கத்தான் செய்யுது.

வீட்டுக்கு வந்தப்ப இவர் முழிச்சிருந்தார். முழுசாக் கேட்டார். கால் ஆள் கதையைச் சொன்னதும் வயித்தைப் பிடிச்சுட்டுச் சிரிச்சார். வயித்துல தண்ணி கோத்திருக்கறதால சிரிக்கறப்ப வலிக்குது போல.

ஜூன் 17, செவ்வாய்

நாலு நாளா ஒரு பைசா அபராதம் இல்லை!

இவர் ஒரு முறை கண்டுபிடிச்சுட்டார். சராசரி எல்லாம் வேலைக்காவாது, ஆளைப் பிடின்னார். எனக்குச் செசிலியாவை ஞாபகம் வந்துச்சு. ஆஸ்பத்திரி வார்டுல ஆயா வேலை, மாதா கோவில் தெருக்காரி, என்னை அக்கான்னுதான் கூப்பிடுவா. தினம் காலைல ஒம்பது மணிக்குப் போன் பண்றா. பேர் சொல்றதில்லை. தீவிர சிகிச்சையில எத்தனை பேர், முந்தின நாள் எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னு மட்டும். அதுலயும் ரெண்டு தினுசு இருக்கு. மாத்திரை எழுதி, திரும்பி வரச்சொல்லித் தேதி குடுத்து அனுப்பினா அது நம்ம கணக்கு இல்லை. தேதி குடுக்காம, "வீட்லயே வெச்சுப் பாத்துக்கங்க, பிடிச்சதைச் செஞ்சு குடுங்க"ன்னு அனுப்பினா நம்ம கணக்கு.

இவர் அதோட கிழமை, அமாவாசை, மழை எல்லாம் சேர்த்துப் பாக்கறார். தலகாணியை நிமித்தி வெச்சு, கண்ணாடியை மூக்கு நுனில மாட்டிக்கிட்டு, பழையபடி காத்தாடி கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுதற தோரணைதான். கட்டை விரல்ல அடுப்பு நேரத்தைப் பத்துல இருந்து மூணுக்குள்ள பதியறார். வெயில் கரண்ட், மலிவு. வர்றவங்ககிட்ட நான் பகல்லயே கொண்டு வந்துடுங்கன்னு கும்பிட்டுக் கேட்டுக்கறேன். முக்காவாசிப் பேர் ஒத்துக்கறாங்க.

பத்து மணிக்குப் பதிஞ்சு முடிச்சதும் ஒரு டம்ளர் மோர் குடிக்கறார். மனுஷனுக்கு ஒரு வேலை இருந்தாத்தான் தெம்பு வருது. சரியாயிடுவார்.

ஜூன் 19, வியாழன்

கேஸ் தீந்துருச்சு. இவருக்குக் கால் வீங்கியிருக்கு. காலைத் தூக்கித் தலகாணி மேல வெச்சுவிடணும்.

ஜூன் 22, ஞாயிறு

எனக்கே என்னைப் பிடிக்கலை இன்னிக்கு.

எதிர்வீட்டு ராசாமணி அக்காவோட அப்பாவுக்கு உடம்பு முடியலைன்னு பாக்கப் போனேன். ஆரஞ்சு வாங்கிட்டுப் போனேன். பெரியவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். அக்கா அவர் சின்ன வயசுல மாட்டு வண்டிப் பந்தயம் ஓட்டினதைச் சொல்லி அழுதுட்டு இருந்தா. நான் அவ கையைப் பிடிச்சுட்டு, ஆமாங்க்கா ஆமாங்க்கான்னுட்டு, போர்வைக்கு வெளிய இருந்த காலைப் பாத்துட்டு இருந்தேன். வீக்கம். நகம் நீலம் பாஞ்சிருக்கு. மூச்சு விட்டு விட்டு வருது. மனசுக்குள்ள, செவ்வாய், தப்பினா புதன், அப்படின்னு ஓடுது. அந்த அக்கா எனக்குக் காபி வெக்கப் போனா. எனக்கு அந்த வீட்டுல ஒரு நிமிசம் ஒக்கார முடியலை.

இவர்கிட்ட எதுவும் சொல்லலை. இவராவே, "எதிர்வீட்ல எப்படி இருக்கார்?"ன்னு கேட்டார். தெரியாதுங்கன்னேன். என் மூஞ்சியையே பாத்தார். "செவ்வாயா?"ன்னார்.

நான் எழுந்து துணி மடிக்கப் போயிட்டேன்.

ஜூன் 25, புதன்

நேத்து ராசாமணி அக்காவோட அப்பா. பன்னெண்டு மணிக்கு. பதிஞ்சபடியே.

இன்னிக்குக் கோயமுத்தூர் டாக்டர்கிட்ட இவரைக் கூட்டிட்டுப் போனேன். நல்ல செய்திதான். இனி ஊசி வேண்டாம்னுட்டார். இவ்வளவு தூரம் கார் வெச்சு அலைய வேண்டாம், வீட்லயே வெச்சுப் பாத்துக்கங்கன்னார். பத்தியமும் ஒண்ணும் இல்லையாம், பிடிச்சதைச் செஞ்சு குடுங்கன்னார். எத்தனை மாசமா உப்பில்லாம ஒறைப்பில்லாம சாப்பிட்டுட்டு இருக்கார் பாவம். அடுத்து எப்ப வரட்டும்னு கேட்டதுக்கு, அவசரமில்லை, தேவைப்பட்டாப் போன் பண்ணுங்கன்னார்.

வர்ற வழியில வண்டியை நிறுத்தி அரைக் கிலோ வெள்ளாட்டுக் கறி வாங்கினேன். பள்ளபாளையம் தாண்டினதும் இவர் கண்ணாடியை எறக்கச் சொன்னார். காத்து சீசன் தொடங்கிடுச்சு. காத்தாடி அத்தனையும் சுத்துது. தான் ஏறின கோபுரத்தை எல்லாம் நம்பர் சொல்லிக் காட்டிட்டே வந்தார். டிரைவர் தம்பி, "அண்ணனுக்குச் செம தெம்பு"ன்னான். ஆமான்னேன்.

கறி ஒரு வாய்தான் சாப்பிட்டார். கார்ல வந்த அலுப்பு.

ஜூன் 26, வியாழன்

வெள்ளியங்கிரி ஐயா போன் பண்ணினார். சோதனை நடக்கற எடத்துலயே நம்ம மயானம்தான் ரொம்பத் துல்லியமாப் பதியுதாம், மேல இருந்து பாராட்டி எழுதியிருக்காங்களாம். "எப்படிம்மா பண்றே?"ன்னு கேட்டார். எங்க வீட்டுக்காரர் பாத்துக்கறாருங்கன்னேன். "குழந்தைவேலுவா? அவரு... எப்படி இருக்காரு?"ன்னார்.

நல்லா இருக்காருன்னேன். கறி சாப்பிட்டாருன்னேன்.

ஜூன் 29, ஞாயிறு

சண்டை. கல்யாணமான நாள்ல இருந்து இப்படி ஒரு சண்டை வந்ததில்லை.

காலைல செசிலியா சொன்னதை வெச்சு நாளைக்கு ரெண்டு. இவர் பதிஞ்சு முடிச்சுட்டுப் போனைக் குடுத்தார். நான் எப்பவும் பாக்கறதில்லை, இன்னிக்கு என்னமோ பாத்தேன். மூணு இருந்துச்சு. மூணாவது, பன்னெண்டு மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும்.

"இது யாருங்க? ரெண்டுதானே சொன்னா."

"இருக்கட்டும் விடு."

"கூட்டிப் பதிஞ்சா அபராதம்ங்க. உங்களுக்குத் தெரியாததா?"

"சொல்லாம எடுத்தா அதைவிடத் தப்பு. அந்த நேரந்தான் மலிவு. கவின் கரண்ட்."

கவின் எங்க பையன். ராஜஸ்தான்ல சோலார் கம்பெனில இருக்கான். அப்பத்தான் எனக்கு உறைச்சுது. என்ன பேசினேன்னு முழுசா ஞாபகமில்லை. புத்தி பேதலிச்சுப் போச்சா உங்களுக்குன்னு கத்தினேன். பிடிச்சதைச் சாப்பிடச் சொல்லியிருக்கார் டாக்டர், நீங்க ஒரு வாய் சாப்பிட மாட்டேங்கறீங்க, இதுக்கு மட்டும் கை நீளுதான்னு கேட்டேன். பத்து மணி அடிக்கறதுக்குள்ள மூணாவதை அழிச்சேன்.

இவர் குரலை ஒசத்தவே இல்லை. "ஊருக்கெல்லாம் கணக்குப் போடத் தெரியுது உனக்கு. எனக்கு மட்டும் போட மாட்டேங்கறே. கவினைக் கூப்பிடு வாணி."

"தீவாளிக்கு வருவான்."

"வாணி."

நான் சமையக்கட்டுக்குப் போய்க் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன்.

ஜூன் 30, திங்கள்

ரெண்டு பேர்தான் வந்தாங்க. மத்தியானம் வீட்டுக்கு ஓடி வந்து, "பாத்தீங்களா, ரெண்டுதான்"ன்னேன், பரிட்சையில ஜெயிச்ச புள்ளையாட்டம். "சரி, என் கணக்குத் தப்பிப் போச்சு"ன்னார். என் கையை எடுத்துத் தன் நெஞ்சு மேல வெச்சுக்கிட்டார். எலும்புதான் தட்டுப்பட்டுது.

ஜூலை 1, செவ்வாய்

மாவு புளிச்சுப் போச்சு. எழுத ஒண்ணுமில்லை.

ஜூலை 2, புதன்

செசிலியா காலைல போன் பண்ணினா. நாளைக்கு ரெண்டு இருக்கும்க்கான்னு சொன்னா. போனை வெக்க மாட்டேங்கறா. "அக்கா... போன வாரம் கோயமுத்தூர்ல டாக்டர் என்ன சொன்னாங்கன்னு நீங்க சொன்னீங்கல்ல..." அதுக்கு மேல பேசாம அழ ஆரம்பிச்சுட்டா. தினம் எத்தனை பேரைத் தூக்கி விடற புள்ளை, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல முடியாம அழறா.

எனக்குத் தெரியாமயா இருந்துச்சு? தேதி குடுக்காம அனுப்பினா என்னன்னு இந்த ஊர்லயே நல்லாத் தெரிஞ்சவ நான்தானே. கறி வாங்கறப்பவே தெரியும். தெரிஞ்சுதான் வாங்கினேன்.

புழக்கடைக்குப் போய்க் கவினுக்குப் போன் பண்ணினேன். "கிளம்பி வா சாமி. லீவு தரலைன்னாலும் வா"ன்னேன். எதுக்கும்மான்னு அவன் கேக்கலை. அதுதான் எனக்குத் தாங்க முடியலை.

ஜூலை 4, வெள்ளி

கவின் வந்துட்டான். வெயில்ல கருத்துப் போய், தாடி வெச்சுட்டு, அவங்கப்பா சின்ன வயசுல இருந்த மாதிரியே வந்து நின்னான். பெட்டியைக் கூட எறக்காம கட்டில்ல போய் உக்காந்தான். ரெண்டு பேரும் சாவைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. சோலாரைப் பத்திப் பேசினாங்க. கண்ணாடித் தகட்டுல மணல் படிஞ்சா எப்படித் தொடைப்பீங்க, ராத்திரிக்கு வேணும்னா பேட்டரில எவ்வளவு சேர்த்து வெப்பீங்க, அந்த ஊர் வெயில் எத்தனை மணிக்கு ஏறும். ஃபேனைக் காட்டி, "இப்ப இது உங்க ஊர்க் கரண்ட்தானேடா?"ன்னார் இவர். "ஆமாங்கப்பா, எங்களுதுதான்"ன்னான் அவன். சந்தையில கலந்த கரண்ட்டு யாருதுன்னு எவனுக்குத் தெரியும்? ரெண்டு பேருக்குமே அது தெரியும். தெரிஞ்சே பேசிக்கிட்டாங்க.

கவின் ஊட்டினான். அரை இட்லி எறங்குச்சு.

ஜூலை 7, திங்கள்

இன்னிக்கு இவரால போனைப் பிடிக்க முடியலை. கையில வெச்சா நழுவுது. கண்ணாடியை மாட்டி விட்டேன், அப்பவும் எழுத்துத் தெரியலைன்னார். ஒம்பது மணிக்குச் செசிலியா, நாளைக்கு ரெண்டுன்னா.

பக்கத்துல உக்காந்து நானே பதிஞ்சேன். பதினோரு மணிக்கு ஒண்ணு. ரெண்டு மணிக்கு ஒண்ணு. விரல் அப்படியே நின்னுடுச்சு. இவர் கண்ணை மூடிட்டுத்தான் இருந்தார். "சொல்லாம எடுக்கக் கூடாது வாணி"ன்னார். மூச்சுக்கு நடுவுல மூச்சு வாங்கி வாங்கித்தான் அதைச் சொன்னார்.

பன்னெண்டு மணிக்கு ஒண்ணு பதிஞ்சேன். பதிஞ்சாச்சான்னு கேட்டார். ஆச்சுங்கன்னேன். ஒரு வாய் மோர் கேட்டார்.

கவின் வாசல்ல நின்னு அழுதுட்டு இருந்தான். நான் அழலை. மோர் டம்ளரைக் கழுவி வெச்சேன்.

ஜூலை 8, செவ்வாய்

காலைல முழுக்க மயானத்துக்குப் போகலை. இவர் பக்கத்துலயே இருந்தேன். மூச்சு நீளமா இழுக்குது, நிக்குது, அப்புறம் வருது. நிக்கற ஒவ்வொரு தடவையும் நானும் நிறுத்திக்கறேன். பதினோரு மணிக்கு வர வேண்டியவங்க வந்துட்டாங்கன்னு ஆறுச்சாமி அண்ணன் போன் பண்ணினார். பன்னெண்டு அடிச்சுது. கவின் கடிகாரத்தைப் பாத்தான், என்னைப் பாத்தான். நான் இவர் மாரையே பாத்துட்டு இருந்தேன். ஏறுது, எறங்குது. ஒரு மணி ஆச்சு.

மறுபடியும் ஆறுச்சாமி அண்ணன். "மேடம்... பன்னெண்டு மணிக்குன்னு போட்டிருந்துச்சுங்க. அடுப்பு சூடாக் கெடக்குது. யாரும் வரலையேங்க?"

"வரலைங்கண்ணா," அப்படின்னேன். அதைச் சொன்னதும் எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. இத்தனை நாளும் வராத அழுகை. "வரலைங்கண்ணா, வரலை"ன்னு சொல்லிச் சொல்லி அழுதேன். அவரும் அந்தப் பக்கம் அழுதார்.

சாயங்காலம் வெள்ளியங்கிரி ஐயா. எத்தனையோ நாளைக்கப்புறம் இன்னிக்குக் கணக்குத் தப்பியிருக்கேம்மான்னு ஆரம்பிச்சவர், பாதியில புரிஞ்சு நிறுத்திட்டார். அபராதத்தை என் சம்பளத்துல பிடிச்சுக்கங்கன்னேன். அதெல்லாம் பேசாதேம்மான்னார். இல்லைங்க, என் சம்பளத்துலதான் பிடிக்கணும்னேன்.

இன்னிக்குக் காலைலயே நாளைக்கும் பதிஞ்சுட்டேன். செசிலியா ஒண்ணுதான் சொன்னா. நான் ரெண்டு போட்டிருக்கேன். இவர்கிட்டச் சொன்னேன், காதுல விழுந்துச்சா தெரியலை, விரல் அசைஞ்சுது. நாளைக்கும் அடுப்பு வெறும்னே சூடாகட்டும். நாளைக்கும் என் கணக்குத் தப்பட்டும். அபராதம் கட்டறேன், தினமும் கட்டறேன், இருக்கற வரைக்கும் கட்டறேன்.